யாருடைய அடுப்பில் யாருடைய சோதனை

பழந்தமிழில் 'அடு' என்ற வினைக்குச் சமைத்தல் என்றும் பொருள், கொல்லுதல் என்றும் பொருள். சமைக்கும் பெண் அடுமகள்; போர் நடக்கும் இடம் அடுகளம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்." எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் அடுப்புப் புகையைப் பற்றிப் பேச்சு போகும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் கேஸ் இருக்கிறது. வெந்நீர் போட, களி கிண்ட, சிலிண்டர் தீர்ந்த பத்து நாளை ஓட்ட விறகடுப்பும் இருக்கிறது.

புது நிறுவனங்கள் இன்று காலநிலைத் தொழில்நுட்பம் என்று எதையெதையோ செய்து, சோதித்துப் பார்க்க ஊரும் வீடும் தேடி வருகின்றன. இந்தத் தேடல் புதிதல்ல. நம் நாட்டில் அதற்கு ஏறக்குறைய எண்பது வருடக் கதை உண்டு, அந்தக் கதை நடந்த இடம் அடுப்படி. அங்கே சோதிக்கப்பட்டது பொருள் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். பொருள் தோற்றபோதெல்லாம் தோற்றவளாகக் காட்டப்பட்டது வேறொருத்தி.

வார்தாவின் மகன்வாடியில் 1947 வாக்கில் உருவானது மகன் சூலா. அங்கிருந்த அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்தில் அவர் வந்து தங்கியது மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில். (1996 வரை நாங்களும் மதுரை மாவட்டம்தான். எங்கள் பெரியவர்களுக்கு அவர் 'நம்ம பக்கத்து ஆள்'.) ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு ஒன்றை வடிவமைத்தார். கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்ற கனவோடு அவர் எழுதிய சிறுநூலைச் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953இல் வெளியிட்டது. இருவருடைய அக்கறையும் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருவருமே அடுப்பை வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

புகை எவ்வளவு என்று அளக்கவே 1981 வரை ஆனது. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் வேலை செய்த இந்தியர்களும் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் உடம்பிலேயே காற்று மாதிரி எடுக்கும் கருவியைக் கட்டிவிட்டு அளந்தார்கள். தமிழ்நாட்டில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். கருவியைச் சுமந்தவர்கள் இரண்டு ஆய்விலும் பெண்கள்தான். அளவில் அது சின்னக் கருவி. ஆனாலும் யார் சுமந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் ஹரியானாவில் இருக்கிறது. 1980ஐ ஒட்டி, மது சரீன் என்ற கட்டடக்கலைஞர் சிவாலிக் மலையடிவாரத்தில் நாடா என்ற கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து ஓர் அடுப்பை உருவாக்கினார். ஊர்ப் பெயரே அடுப்புக்கும் ஆனது: நாடா சூலா. அவர் வரைந்து கொண்டுபோன வடிவத்தைப் பெண்கள் அப்படியே ஏற்கவில்லை. தங்கள் பானைக்கும் விறகுக்கும் ரொட்டிக்கும் தக்கபடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். கட்டுவதற்குப் பெண்களே பயிற்சி பெற்று மேஸ்திரி ஆனார்கள். இங்கே பொருளைச் சோதித்தவள் அதைப் பயன்படுத்துகிறவள். சரி, தப்பு என்று சொல்லும் உரிமை அவளிடம் இருந்தது.

பிறகு அரசு வந்தது. 1983 கடைசியில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கட்டியதாகக் கணக்குக் காட்டியது. கட்டியவருக்கு அடுப்புக்கு இவ்வளவு என்று கூலி, மாநிலத்துக்கு இவ்வளவு என்று இலக்கு. நாடாவில் பெண்ணின் பேச்சைக் கேட்டுக் கட்டிய அடுப்பு, இலக்கு என்ற சொல் உள்ளே வந்ததும் எண்ணிக்கையாகிவிட்டது. கட்டிவிட்டுப் போனதோடு சரி, ஆறு மாதம் கழித்து வந்து "எரியுதா?" என்று கேட்க யாருக்கும் கூலி இல்லை. பல மதிப்பீடுகள் பிற்பாடு கண்டது இதைத்தான்: கட்டிய அடுப்புகளில் பெரும்பகுதி இடிந்தோ கைவிடப்பட்டோ கிடந்தது.

என் அப்பத்தா வீட்டுக்கும், சின்னமனூர்ப் பக்கம், ஒரு புகையில்லா அடுப்பு வந்தது. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. இரண்டு கண் வைத்த மண்ணடுப்பு, சுவரை ஒட்டிப் புகைபோக்கி. பேரேட்டில் பயனாளி என்று எழுதியது தாத்தா பெயரை, அவர் வெந்நீர்கூடப் போட்டதில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி ஆடியில் மலைக்கணவாய் வழியாக வரும் காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை நட்டது சும்மாவா? அந்தக் காற்று புகைபோக்கி வழியாக இறங்கி, மேலே போக வேண்டிய புகையை அடுப்படிக்கே திருப்பி அனுப்பியது. விறகு நுழையும் வாயும் சின்னது. எங்கள் ஊரில் எரிப்பது தென்னமட்டை, பருத்திமார், இலவங்காய் ஓடு. அப்பத்தா அரிவாளால் வாயை அகலப்படுத்தினார், ஆடி மாதத்துக்கு மட்டும் புகைபோக்கியில் சாக்கைத் திணித்தார். "அடுப்பக் கட்டுனவனுக்கு ஊர்க்காத்தத் தெரியல" என்றார். அது ஒரு களச்சோதனை அறிக்கை. யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருந்தால் 'பயனாளி அடுப்பைச் சேதப்படுத்தினார்' என்று எழுதியிருப்பார்கள்.

ஆய்வகத்தில் அடுப்பை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்ப்பதுதான் உலகெங்கும் நெடுங்காலம் முதன்மையான சோதனை. இவ்வளவு தண்ணீர், இவ்வளவு விறகு, இவ்வளவு நேரம். எங்கள் ஊரில் கேப்பைக் களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுப்புக்கு வரும் சோதனை எதுவென்று. கவட்டைக் கம்பால் பானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் சுழற்ற வேண்டும். இலேசான தகர அடுப்பு அதில் ஆடும், சாயும். போதாததற்கு, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கும் விதைக் கதிருக்குப் பூச்சி வராமல் காப்பது அந்தப் புகைதான். தண்ணீர்ச் சோதனையில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

பொருளியலாளர் பீனா அகர்வால் 1986இலேயே விறகு நெருக்கடி பற்றிய தன் நூலில் இதைப் பிடித்துவிட்டார். பயன்படுத்துகிற பெண்ணை வடிவமைப்பில் சேர்க்காததும், வீட்டுப் பணத்தை எதில் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவளிடம் இல்லாததும் சேர்ந்துதான் அடுப்புத் திட்டங்களைக் கவிழ்க்கின்றன என்றார். புகையில் நிற்பவள் ஒருத்தி, காசு எடுத்துக் கொடுப்பவன் ஒருவன். இருபத்தைந்து வருடம் கழித்து ஒடிசாவில் எஸ்தர் டுஃப்ளோ, ரெமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு வருடம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது, பிறகு பழையபடி. பழுது பார்க்கவில்லை, பயன்படுத்துவதும் குறைந்தது என்றார்கள். நேர்மையான ஆய்வு. ஆனால் கட்டுரைத் தலைப்பில் 'குடும்பத்தின் நடத்தை' என்று போட்டார்கள். அடுப்பின் நடத்தை என்று ஏன் போடவில்லை?

நிறுவனங்கள் வந்த பிறகு கதை வேகமெடுக்கிறது. 2000களின் நடுவில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து விஞ்ஞானிகளின் தொழில்நுட்பத்தை வைத்து 'ஊர்ஜா' என்ற அடுப்பைக் கொண்டுவந்தது. சின்ன விசிறி, பேட்டரி, பயிர்க்கழிவை அழுத்திச் செய்த உருண்டை எரிபொருள். தமிழ்நாட்டில் மதுரையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனமும் கூட்டாளி. ஏறக்குறைய 4 லட்சம் அடுப்பு விற்றது. நல்ல அடுப்பு என்றுதான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் கரும்புச் சக்கைக்கு ஆலைகளிடமும் கிராக்கி வந்தது. உருண்டை விலை ஏறியது. 2009இல் பிபி கைகழுவிக்கொண்டு வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பிறகு வந்த ஆய்வுகளில், வாங்கியவர்களில் மிகச் சிலரே அதைத் தொடர்ந்து எரித்தார்கள். அடுப்பு கெடவில்லை, தீனி நின்றுபோனது. நிறுவனத்துக்கு இது ஒரு முயற்சி. அடுத்த நாட்டுக்கோ அடுத்த பொருளுக்கோ போகலாம். வாங்கியவளுக்கு அது சேமிப்பு.

இப்போது அடுப்புக்குக் கார்பன் கணக்கும் சேர்ந்துவிட்டது. அவள் எரிக்காமல் விட்ட விறகு எங்கோ ஒரு விமான நிறுவனத்துக்கு விற்பனைச் சரக்காகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்ட கணக்குப்படி, அவர்கள் எடுத்துக்கொண்ட திட்டங்கள் உண்மைக் குறைப்பைப்போல ஒன்பது மடங்கு அதிகம் எழுதியிருந்தன. புது அடுப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள், பழைய அடுப்பும் பக்கத்தில் எரிகிறதா என்பதை மிகையாகவும் குறைவாகவும் கணித்தது காரணங்களில் ஒன்று. அதாவது ஒரு பெண்ணின் அன்றாடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததில் இலாபம் இருந்தது.

அடுப்படியில் தொடங்கிய இந்த வழக்கம் நகரத்தில் கூரைக்கு ஏறியிருக்கிறது. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது, 2017இல் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் தகரத்துக்குப் பதிலாகக் கழிவு அட்டையும் நாரும் சேர்த்துச் செய்த கூரைப் பலகையை ஒரு புதுநிறுவனம் கொண்டுவந்தது. இவற்றை வீடுகளுக்குள் கொண்டுபோனதில் சேவா அமைப்பிலிருந்து 1994இல் பிறந்த மகளிர் வீட்டுவசதி அறக்கட்டளைக்குப் பெரிய பங்கு உண்டு. பீடி சுற்றுகிற, ஊதுபத்தி உருட்டுகிற, தையல் தைக்கிற பெண்களுக்கு வீடுதான் தொழிற்கூடம். நண்பகலில் தகரத்துக்கு அடியில் உட்கார முடியாவிட்டால் அன்றைய கூலி போச்சு. இதை ஒரு குறையாக அல்ல, சோதனையின் அளவுகோலாகவே அந்தப் பெண்கள் வைத்தார்கள். எத்தனை டிகிரி குறைந்தது என்பதோடு எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய முடிந்தது என்ற கேள்வியும் சேர்ந்தது. நாடாவுக்குப் பிறகு எனக்கு நம்பிக்கை தந்த இடம் அது.

தேனியிலும் தகர வீடுகள், சிமெண்ட் ஷீட் வீடுகள் பெருகிவிட்டன. மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வரும் பெண்கள் பலர் இப்படிப்பட்ட லைன் வீடுகளில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். போன கோடையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள வரிசையில், கூரைப்பூச்சு ஒன்றைச் சோதிக்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். நான்கு வீட்டுக்கு இலவசமாக அடித்துத் தருவோம், உள்ளே வெப்பமானி வைப்போம், மூன்று மாதம் கழித்து வருவோம் என்றார்கள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒருவர் மிஷினிலிருந்து எழாமலே கேட்டார்: "இதுமேல விழுகுற மழத்தண்ணியப் பிடிச்சுப் பொழங்கலாமா தம்பி? பக்கத்து மாடிக்காரங்க கண்ணு கூசுதுன்னு சண்டைக்கு வந்தா நீங்க வருவீங்களா? மார்கழிக் குளிருக்கு என்ன செய்யும்?" அவர்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்கள். மழைநீர்க் கேள்வியை ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

"வீடு குளுகுளுன்னு ஆயிருச்சுன்னு வீட்டுக்காரரு வாடகைய ஏத்திட்டா?" என்றார் அக்கா. அதற்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.