சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏழு வாரங்களின் பின்னர், ஏப்ரல் 5ஆம் திகதி, கொழும்பிலும் குண்டு விழுந்தது. அடுத்த நான்காம் நாள் திருகோணமலையில். எமது மூத்த தலைமுறையினர் குண்டுகளைப் பற்றிப் பேசிய அளவுக்கு இன்னொன்றைப் பற்றியும் பேசுவார்கள். மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்களும் காசுக் கட்டளைகளும் ஒரே நாளில் நின்றுபோனமையே அது. யாழ்ப்பாணத்தில் மலாயா உத்தியோகம் பார்த்த ஒருவரேனும் இல்லாத கிராமம் அன்று அரிது. புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த மகன், ஆஸ்பத்திரியில் வேலை செய்த மருமகன் உயிரோடு இருக்கின்றாரா என்ற கேள்விக்கு மூன்றரை ஆண்டுகளாக விடை கிடைக்கவில்லை.

அதே கேள்வி சிங்கப்பூரிலேயே, சில கிலோமீற்றர் இடைவெளியில் அடைக்கப்பட்டிருந்த கணவன் மனைவியருக்கும் இருந்தது. அதற்கு விடையாக அமைந்தவை சில போர்வைகள்.

யப்பானியர் 1942 மார்ச் மாதத்தில் பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்த, யூரேசியப் பெண்களையும் பிள்ளைகளையும் கடற்கரையோரமான கட்டொங்கிலிருந்து வெயிலில் நடக்கவைத்துச் சாங்கிச் சிறைக்குக் கொண்டுசென்றனர். அது சுமார் 600 கைதிகளுக்கென்று கட்டப்பட்ட சிறை. அங்கே 2,400 வரையான குடிமக்கள் அடைக்கப்பட்டனர்; அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் ஏறத்தாழ 400 பேர். ஆண்கள் அதே சிறையின் வேறு பகுதியில். இராணுவத்தினரான கணவர்மாரோ சற்றுத் தொலைவில், சாங்கிப் படைமுகாமில் போர்க் கைதிகள். இவர்களிடையே கடிதத் தொடர்புக்கு அனுமதியில்லை.

முதலில் தைக்கத் தொடங்கியவர்கள் சிறுமிகள். எலிசபெத் எனிஸ் என்ற தாதி, சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்னர்தான் இராணுவ வைத்தியர் ஒருவரை மணந்திருந்தார். சிறை முற்றத்தின் ஒரு மூலையில் எட்டு வயது முதல் பதினாறு வயது வரையான சுமார் இருபது பிள்ளைகளைக் கூட்டி, வாரத்துக்கு ஒரு தடவை பெண் சாரணர் வகுப்பு நடத்தினார். அவருடைய பிறந்த நாளுக்கு என்ன கொடுப்பது? கையில் காசில்லை, கடையில்லை. பிள்ளைகள் கிழிந்த உடுப்புகளிலிருந்து அறுகோணத் துண்டுகள் வெட்டினார்கள். பழந்துணியைப் பிரித்து நூல் எடுத்தார்கள். ஊசிகள் ஒன்றிரண்டே, அவையும் கை மாறின. ஆசிரியைக்கும் தெரியாமல், காவலருக்கும் தெரியாமல் தைத்து, பூப்போல அடுக்கிய துண்டுகளின் நடுவே தத்தமது பெயரை நூலால் எழுதினார்கள். தோழிக்குக் கொடுக்கும் பரிசில் வேறென்ன வேண்டும்? போர்வை முற்றாகத் தைத்து முடிக்கப்படவில்லை. ஆனாலும் எனிஸ் அதைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தார்.

இதைக் கண்டுதான் எதெல் மல்வனிக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். அவர் கனடாவின் மனிற்றூலின் தீவைச் சேர்ந்த ஆசிரியை. இராணுவ வைத்தியர் ஒருவரின் மனைவி. சிறையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாக இயங்கியவர். அடங்கி இருக்கத் தெரியாத பெண்மணி. பசி பொறுக்க முடியாத நாட்களில் பெண்களைக் கூட்டியிருத்தி, இல்லாத விருந்துகளுக்குச் சமையல் குறிப்புச் சொல்லவைத்து எழுதிக்கொண்டவரும் அவரே. அக்குறிப்புகள் 1946இல் ரொறன்ரோவில் நூலாக வெளிவந்தன. விற்ற பணம் முன்னாள் போர்க் கைதிகளுக்குச் சென்றது.

மல்வனி ஒவ்வொரு பெண்ணிடமும் ஆறங்குலச் சதுரத் துணியொன்றைக் கொடுத்தார். மா மூட்டைத் துணியும் படுக்கை விரிப்பும் வெட்டிய துண்டுகள். உன்னைப் பற்றி ஏதாவது இதில் தை, கீழே உன் பெயரைப் போடு என்பதே நிபந்தனை. 66 சதுரங்களை இணைத்து ஒரு போர்வை. அவ்வாறு மூன்று போர்வைகள்: காயப்பட்ட பிரித்தானிய வீரர்களுக்கு ஒன்று, அவுஸ்திரேலியருக்கு ஒன்று, மூன்றாவது காயப்பட்ட யப்பானிய வீரர்களுக்கு.

அடைபட்ட பெண்கள் பொழுதுபோகாமல் செய்த கைவேலை என்று இதை எழுதுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நாடு. அந்த வெக்கையில் காயப்பட்டுக் கிடப்பவனுக்குப் போர்வை அவசரத் தேவையன்று. தேவைப்பட்டது அதிலிருந்த பெயர். முப்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். போர்க் காலத்தில் நாம் பெயர்ப் பட்டியல் வெளியிட்ட நாட்களில் தலைப்பை எவரும் வாசித்ததில்லை. பக்கத்தை விரித்தவுடன் விரல் பெயர்களின் மேல் ஓடும். சாங்கிப் படைமுகாம் வைத்தியசாலையில் அந்தப் போர்வைகளை விரித்தவர்களும் அப்படித்தான் வாசித்திருப்பார்கள். இன்னார் உயிரோடு இருக்கின்றார். ஊசி பிடிக்கும் அளவுக்குச் சுகமாகவும் இருக்கின்றார்.

சதுரங்களில் பூக்கள் உண்டு; கப்பல்கள், தேசப்படங்கள், சிறைச்சுவர், விட்டுவந்த வீட்டின் தோற்றம் எல்லாம் உண்டு. நீல நாடா கட்டிய முயல் குட்டியொன்றைத் தைத்த தாயின் கதை இன்றும் சொல்லப்படுகிறது. பிறந்தது ஆண் குழந்தை என்று கணவனுக்குச் செய்தியாம்.

மூன்றாவது போர்வைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பகைவனுக்கும் ஒன்று தைத்தால் மற்ற இரண்டையும் கொடுத்தனுப்ப அனுமதி கிடைக்கும் என்பது அதன் கணக்கு என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இருக்கலாம். அதன் பின்புறத்தில், காயமுற்ற நிப்பொன் வீரர்களின் துன்பத்தில் தமது அனுதாபத்தைத் தெரிவித்து, சாங்கி முகாமின் பெண்கள் கொடுப்பது என்று தைத்துள்ளார்கள். ஆண்டு 2602; அது யப்பானிய நாட்காட்டியின்படி 1942. கூடவே, இப்போர்வையை உலர் சலவை செய்வது நல்லது என்றும் ஒரு குறிப்பு! சவர்க்காரமே கிடைக்காத இடத்தில் எழுதிய வரி அது. கேலியா, பழக்கமா? எதுவாயினும் கணக்குக்காகத் தைத்த அனுதாபம் முழுதும் பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அறுபத்தாறு சதுரம் தைத்து முடியும்வரை படுக்கையில் கிடக்கும் ஒருவனை நினைத்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

செய்தி அனுப்புவது அங்கே எவ்வளவு ஆபத்தானது என்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது. பெண்கள் முகாமில் 'பௌ வௌ' என்றொரு பத்திரிகை நடந்தது. ஆசிரியர் ஃபிரெடி புளூம். 1943 ஒக்டோபர் 10ஆம் திகதி யப்பானிய இராணுவப் பொலிசான கெம்பெய்ற்றாய் சிறையைச் சுற்றிவளைத்தது. துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சிறையிலிருந்துதான் தகவல் சென்றதென்று சந்தேகம். அது தவறான சந்தேகம். உண்மையில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அதிரடிப் படையினர் செய்த காரியம். 57 பேர் விசாரணைக்கும் சித்திரவதைக்கும் உள்ளானார்கள். 15 பேர் இறந்தார்கள். புளூமும், குவாசியோக்கோர் என்ற போசாக்குக் குறைபாட்டு நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய வைத்தியர் சிசிலி வில்லியம்சும் மாதக்கணக்கில் கெம்பெய்ற்றாயின் கூண்டில் இருந்தார்கள். போர்வைகள் அதற்கு முன்னரே கைமாறிவிட்டன.

இந்த மூன்று போர்வைகளையும் சேர்த்தால் 198 சதுரங்கள். அதே 1942இல் தொடங்கி அடுத்த ஆண்டு ஒக்டோபரில் முடிந்த சயாம் - பர்மா புகையிரதப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 அளவில் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் பெயரும் படையணியும் பொறித்து வரிசையாக நிற்கின்றன. எம்மவருக்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை, துணித் துண்டும் இல்லை. போன ஆள் திரும்பவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டதோடு சரி.

பெண்கள் 1944 மே மாதத்தில் சாங்கியிலிருந்து சைம் றோட் முகாமுக்கு மாற்றப்பட்டு, 1945இல் அங்கிருந்துதான் விடுதலையானார்கள். அவுஸ்திரேலியப் போர்வையும் யப்பானியப் போர்வையும் இன்று கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரித்தானியப் போர்வை லண்டனில் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம். சிறுமிகள் எனிசுக்குக் கொடுத்த பிறந்தநாட் பரிசு இம்பீரியல் போர் நூதனசாலையைச் சேர்ந்துவிட்டது. அறுகோணங்களின் நடுவே பிள்ளைகளின் பெயர்களை இன்றும் வாசிக்கலாம்.