கருமுட்டைச் சேமிப்பும் நம் பெண்டிரும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது எங்கள் சின்னாளப்பட்டி. சுங்குடிப் புடவையினால் இவ்வூரின் பெயரை அறிந்தோர் பலர். பெண்டிர் மருத்துவ வரலாற்றிலும் இதற்கு ஓர் இடமுண்டு என்பதை அறிந்தோர் சிலரே. 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையார் இவ்வூரில் ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாராகிய அவர், சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் டெல்லி சென்று மருத்துவம் பயின்றவர். அந்தச் சிறு நிலையமே வளர்ந்து காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனை ஆயிற்று. 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டமும் தொடங்கிற்று. குடும்பநலப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பெண்களோடு பேசியது அத்திட்டத்தின் சிறப்பு.

அப்பணியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. தார் சுற்றிக்கொண்டிருந்த என் தாயார் இராட்டையை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை வெளியே போகச் சொல்வார். பின்னர் கதவுக்கு உட்புறமிருந்து தாழ்ந்த குரலில் பேச்சு நடக்கும். பிறப்பைக் குறைப்பது எப்படி என்பதே அந்நாளைய பேச்சு. இன்று அதே தெருவில் வேறொரு கேள்வி எழுந்துள்ளது. படித்து, வேலைக்குச் சென்று, மணம் தாமதமாகும் பெண்கள், தம் கருமுட்டையை எடுத்து உறையவைத்துக் காலம் கடந்து பயன்படுத்தலாமா என்று கேட்கின்றனர். கேட்போர் சிலர், அஃது என்னவென்றே அறியாதார் பலர். குரல் மட்டும் இன்னும் தாழ்ந்துதான் இருக்கிறது.

முதலில் பொருளை விளக்கிவிடுகிறேன். ஒரு பெண் தன் வாழ்நாளுக்குரிய கருமுட்டைகள் யாவற்றையும் பிறக்கும்போதே கொண்டு பிறக்கிறாள். அப்போது அவை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை; பூப்பெய்தும் பருவத்தில் மூன்று, நான்கு இலட்சமே எஞ்சும். அவற்றுள்ளும் ஏறக்குறைய நானூறு மட்டுமே முதிர்ந்து வெளிப்படும். 35 வயதைக் கடந்தபின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. எனவே இளமையில் எடுத்து வைத்த முட்டை இளமையாகவே இருக்கும் என்பதுதான் இம்முறையின் அடிப்படை.

எடுத்து வைப்பது எளிதன்று. மனித உடலின் உயிரணுக்களுள் மிகப் பெரியது கருமுட்டை. அதனுள் நீரும் மிகுதி. கத்தரிக்காயைக் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் வைத்து மறுநாள் எடுத்துப் பார்த்த தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி, அதன் கூர்முனைகள் சதையைக் கிழித்துவிடுகின்றன. இத்தீங்கைத் தடுக்கும் வழி 1949-இல் இங்கிலாந்தில் கிட்டியது. போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர் சேவலின் விந்தைக் கிளிசரின் சேர்த்து உறையவைத்து மீண்டும் உயிர்ப்பித்தனர். புட்டியில் ஒட்டிய சீட்டு மாறிப்போய், சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்ததில் கிளிசரின் இருந்ததாம்! 1972-இல் எலியின் கருவையும், 1977-இல் எலியின் முட்டையையும் உறையவைத்துக் குட்டிகள் பிறந்தன. மனிதக் கருமுட்டையை உறையவைத்து, அதனால் கருவுற்ற செய்தியை 1986-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெயிடு நகரிலிருந்து கிறிஸ்டோபர் சென் என்னும் மருத்துவர் வெளியிட்டார்.

ஆயினும் பல்லாண்டுகள் அம்முறை தத்தளித்தது. மெல்லக் குளிர்வித்தால் முட்டைகள் பெரும்பாலும் அழிந்தன. இங்கே ஒரு மிட்டாய்க் கடை உவமை சொல்லலாம். சர்க்கரைப் பாகை நூலிட்டு மெல்ல ஆறவிட்டால் கற்கண்டாகிக் கட்டி கட்டியாக விளையும். அதே பாகை முறுகக் காய்ச்சி விரைந்து ஆற்றினால் கண்ணாடிபோல் ஆரஞ்சு மிட்டாய் ஆகும். கருமுட்டையையும் அவ்வாறே கண்ணாடியாக்கிவிட்டால் கூர்முனைகள் தோன்றா. காப்புக் கரைசலில் தோய்த்து, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் உள்ள நீர்ம நைட்ரஜனில் நொடிப்பொழுதில் அமிழ்த்தும் இம்முறையால் பிறந்த முதற் குழந்தை 1999-இல் அறிவிக்கப்பட்டது. 2005-இல் ஜப்பானியராகிய குவயாமா இதனைச் செம்மைப்படுத்தினார். 2012-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவக் கழகம், இஃது இனி வெறும் சோதனை முறையன்று என்று அறிவித்தது.

இவை யாவும் அயல்நாட்டுச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டா. உறையவைத்த கருவிலிருந்து குழந்தை பிறக்கச் செய்த அருஞ்செயல் நம் நாட்டில் முன்னரே நிகழ்ந்தது. 1978-ஆம் ஆண்டு சூலை 25-இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் என்னும் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், துர்க்கா பூசையின் தொடக்கத்தில், கல்கத்தாவில் ஒரு பெண்மகவு பிறந்தது. துர்க்கா என்று அழைக்கப்பட்ட அக்குழந்தைக்கு வழி செய்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயர். உணவுத் தொழில்நுட்ப அறிஞர் சுனித் முகர்ஜியும், மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாசார்யாவும் அவருக்குத் துணை நின்றனர். இங்கிலாந்தில் இயல்பாக முதிர்ந்த ஒரு முட்டையையே எடுத்தனர். முகோபாத்தியாயரோ ஊக்கி மருந்து கொடுத்துப் பல முட்டைகளை முதிரச் செய்தார். கருவை உறையவைத்து, 53 நாட்களுக்குப் பின் தாயின் கருப்பையில் சேர்த்தார். இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது அவர் வழியே. ஆஸ்திரேலியாவில் உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்தது 1984-இல்தான்.

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? மாநில அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமர்த்திற்று. குழுவின் தலைவர் வானொலி இயற்பியல் அறிஞர். வானொலியில் அமர்ந்து இதனைச் சொல்ல எனக்கே கூச்சமாக உள்ளது! அவர் கூற்று நம்பத்தக்கதன்று என்று குழு முடிவு கூறியது. ஜப்பானியர் அழைத்தும் அவர் செல்ல இசைவு கிடைக்கவில்லை. 1981-இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு சூன் 19-ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இக்கதையில் மருத்துவரை எல்லோரும் நினைக்கின்றனர். தாயை நினைப்பார் அரியர். அக்குடும்பம் பழைமைப் பற்றுடையது. தம் பெயர் வெளிப்படுவதை விரும்பவில்லை. குழந்தையைக் காட்டியிருந்தால் ஐயம் தீர்ந்திருக்குமே என்று இன்று நாம் எளிதாகச் சொல்லலாம். 1978-இல், குழாயில் பிறந்த பிள்ளை என்று ஊர் விரல் நீட்டும் வீட்டில் வாழ வேண்டியவள் அத்தாய். அவள் வாய் திறவாமைக்கு அறியாமை காரணமன்று. அறிந்ததைச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் இல்லை. 1986-இல் மும்பையில் டாக்டர் ஆனந்தகுமார் குழுவினர் முயற்சியால் ஹர்ஷா பிறந்தபோது, நாட்டின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை அவளே என்றனர். அதே ஆனந்தகுமார் முகோபாத்தியாயரின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, முதன்மை தமக்குரியதன்று என்று 1997-இல் எழுதினார். தம் புகழைத் தாமே விட்டுக்கொடுத்த அப்பெருந்தகையை நான் மாணவர்க்குப் பன்முறை எடுத்துக் கூறியதுண்டு. துர்க்கா என்னும் கனுப்பிரியா வளர்ந்து, இருபத்தைந்து வயதிற்றான் வெளிப்படையாகப் பேசினார்.

தமிழகத்தில் 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னாட்டின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தார். கருமுட்டைச் சேமிப்பு என்னும் சொல் பொதுமக்கள் செவியில் விழுந்தது இன்னும் பின்னர். 1997-இல் உலக அழகியாகத் தேர்ந்த டயானா ஹைடன், முன்னர்ச் சேமித்த முட்டையால் 2016-இல் தாயானபோது செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. அதனால் ஒரு தீங்கும் நேர்ந்தது. இது நடிகையர்க்கும் செல்வர்க்கும் உரியது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. செலவு இலட்ச ரூபாயைக் கடப்பதும், ஆண்டுதோறும் காப்புக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதும் உண்மையே. ஆனால் இதன் முதற் பயன் அழகியர்க்கு உரியதன்று. புற்றுநோய் மருந்தாலும் கதிராலும் சினைப்பை கெட்டுப்போகக்கூடிய இளம் பெண்களுக்கு உரியது.

இதனை நான் அறிந்தது ஒரு துயரத்தின் வழியே. என்னிடம் பயின்ற பெண் ஒருத்திக்கு மணமாகுமுன் இருபத்தாறு வயதில் புற்றுநோய் கண்டது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் நோய் தீர்ந்தது, மாதவிலக்கும் நின்றது. மருந்து ஏற்றுமுன் முட்டையைச் சேமித்திருக்கலாம் என்று ஈராண்டு கழித்துத்தான் வேறொருவர் வாயிலாக அறிந்தாள். "ஐயா, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றாள். மருத்துவரை நொந்துகொள்ள என் நா எழுந்தது; உடனே அடங்கியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்க மண்டலம் என்னும் பாடம் வரும்போதெல்லாம், "இதனை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கம் தள்ளியவன் நான். அவள் வகுப்பிலும் அவ்வாறே தள்ளினேன்.

அதன்பின் ஊர்ப் பெண்களிடம் இதுபற்றி என் மனைவியார் துணையுடன் பேசலானேன். "கோழி முட்டையா, பெட்டியில் வைக்க?" என்று சிரித்தனர் சிலர். குளிரில் இருந்த பிள்ளை நோஞ்சானாகப் பிறக்கும் என்றனர் சிலர். முட்டையை எடுத்துவிட்டால் இருப்புத் தீர்ந்துபோகும் என்ற அச்சம் பலரிடம் இருந்தது. அது பிழை. ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் முதிர, மற்றவை வீணாகின்றன. அவ்வாறு வீணாகக்கூடியவற்றையே மருந்தால் முதிரச் செய்து எடுக்கின்றனர். பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போட வேண்டும். மயக்க மருந்தும் வேண்டும். சிலருக்குச் சினைப்பை மிகையாக வீங்கும் இடரும் உண்டு.

படித்த பெண்களிடம் இருந்த பிழை வேறு வகையானது. சேமித்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பிள்ளை உறுதி என்று அவர்கள் நம்புகின்றனர். பத்து முட்டை வைத்தால் பத்துப் பிள்ளையன்று. ஒன்றும் கிட்டாது போவதும் உண்டு. நாற்பதில் வைக்கும் முட்டை நாற்பது வயது முட்டையே. பின்னாளில் கருவைச் சுமக்கும் உடலுக்கும் வயதேறியிருக்கும். அறியாமையைவிட இவ்வரையறிவே எனக்குக் கவலை தருகிறது. அறியாதவள் கேட்பாள், அரைகுறையாய் அறிந்தவள் பணம் கட்டிவிடுவாள்.

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், இப்பணி செய்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. 21 முதல் 50 வயது வரையுள்ள பெண், மணமாகாதவளாயினும், அணுகலாம். யாவற்றையும் விளக்கி எழுத்து மூலமாக இசைவு பெறாமல் எதுவும் செய்தல் ஆகாது. விளங்காமல் இடும் கையொப்பம் இசைவு ஆகுமா என்று அச்சட்டத்தைப் படித்தபோது எண்ணினேன்.

சென்ற ஆண்டு அந்த என் மாணவியே தன் மகளிர் குழுக் கூட்டத்துக்கு என்னை அழைத்தாள். நான் வரலாற்றைச் சொன்னேன்; அவள் தன் கதையைச் சொன்னாள். இளம் பெண்கள் எழுந்து நின்று, வயது, செலவு, வலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டனர். ஓரத்தில் அமர்ந்திருந்த தார் சுற்றும் மூதாட்டி ஒருவர் என்னருகே சாய்ந்து, "அந்தக் காலத்துல நர்சம்மாகிட்ட கேக்கணும்னா இருட்டினப்புறந்தான் போவோம், ஐயா. இதுக பட்டப்பகல்ல கேக்குதுக" என்றார்.