ஏற்றப்பாட்டும் திருப்பதிகமும்

உத்திரமேரூர்ச் சபையின் சிறப்பை உலகறியச் செய்தவை முதற் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறையைக் கூறும் அவை ஏரி வாரியத்தையும் குறிக்கின்றன. இவ்வூர் வைரமேகத் தடாகத்தின் கரையில் நிற்குந்தோறும் நமக்கு ஓர் எண்ணம் எழும்: ஏரியைக் காத்தவர் வரலாறு கல்லில் உள்ளது, பயிர் வளர்த்தவர் பாட்டு எங்கே?

கிணற்றில் ஏற்றம் இறைத்தோர் விடியுமுன் பாடத் தொடங்குவர். சால்களின் கணக்குப் பிறழாதிருக்கவும், மெய்வருத்தம் தோன்றாதிருக்கவும் அப்பாட்டே துணை. தொட்டிலில் தாலாட்டு, வயலில் நடவுப்பாட்டு, இழவில் ஒப்பாரி எனத் தமிழர் நெஞ்சின் சுமையை இசையே தாங்கி வந்தது.

இதனை நன்குணர்ந்தவர் இம்மாவட்டத்துக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான். ஆனிரை மேய்த்த ஆனாய நாயனார் ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்தபோது, பசுக்கள் அசைபோடுதலை மறந்தன. கன்றுகள் பாலுண்ணலை மறந்தன. பாம்பும் மயிலும் பகை மறந்தன என்று பெரியபுராணத்தில் காட்டுகிறார். அன்றாடத் தொழிலின் நடுவே எழுந்த இசையே அங்கு வழிபாடாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் விண்ணப்பிக்க 48 பிடாரரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தி, நாள்தோறும் நெல் அளக்க முதலாம் இராசராசன் நிவந்தம் வகுத்தான். ஏற்றப்பாட்டுக்கு நிவந்தம் இல்லை. மின்பொறி வந்து ஏற்றம் மறைய, பாட்டும் வயலை விட்டு அகன்றது.

எனினும், நிவந்தம் மட்டும் போதுமா? ஓதுவார் பாட நாம் வாய்மூடி நின்றால், பதிகம் செவியளவில் நின்றுவிடும். மாலையில் விளக்கேற்றும்போதும், பிள்ளையை உறங்கச் செய்யும்போதும் ஒரு பதிகமேனும் பாடுவோம். நாம் வைக்கத்தக்க நிவந்தம் அதுவே.