சப்வூஃபர், ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய

ஏறத்தாழ 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண்களை மட்டும் ஒலிக்கும், தனக்கான ஆம்ப்ளிஃபயரைத் தன் பெட்டிக்குள்ளேயே கொண்ட ஒலிபெருக்கி. பெட்டி அமைப்பால் இது பெரும்பாலும் இரு வகைப்படும். மூடிய பெட்டி அளவில் சிறியது. அதன் ஒலி சட்டென அடங்கும். துளையுள்ள பெட்டி குறைந்த ஆற்றலில் கூடுதல் உரப்புத் தரும். துளையின் இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி விரைந்து குன்றும்.

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபர் வெளியீடு இல்லையெனில், ஸ்பீக்கர் முனைகளிலிருந்து இணைக்கத்தக்க மாதிரியே ஏற்றது. கிராஸ்ஓவர், அதாவது சப்வூஃபரும் முதன்மை ஸ்பீக்கர்களும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண், அந்த ஸ்பீக்கர்களின் தாழ்ஒலி குன்றத் தொடங்கும் இடத்தில் வைக்கப்படும். 80 ஹெர்ட்ஸ் வழக்கமான தொடக்கப்புள்ளி. அதற்கு மிக மேலே சென்றால் ஒலி வரும் திசையைக் காது கண்டுகொள்ளும். ஒலியலையின் கட்டத்தை மாற்றும் ஃபேஸ் விசையில், கிராஸ்ஓவரை ஒட்டிய ஒலி உரக்கக் கேட்கும் நிலை தேர்ந்தெடுக்கப்படும்.

விலையைவிட, சப்வூஃபரை வைக்கும் இடமே முடிவை அதிகம் மாற்றுகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.5 மீட்டர், ஆகவே அறைக்குள் நிலையலைகள் உருவாகி, ஓரிடத்தில் ஒலி முழங்கவும் மற்றோரிடத்தில் மறையவும் செய்யும். மூலையில் வைத்தால் உரப்பு கூடும், சீர்மை கெடலாம். கேட்பவர் அமரும் இடத்தில் பெட்டியைத் தற்காலிகமாக வைத்து, சுவரோரமாகத் தவழ்ந்து, ஒலி சீராகக் கேட்கும் இடத்தைத் தேர்வது எளிய முறை. பார்ப்பதற்கு வேடிக்கையானது, பயனுள்ளது.

திரையரங்குகளில் தாழ்ஒலியின் ஈர்ப்பைப் பரவலாக உணர்த்தியது, 1974இல் 'எர்த்குவேக்' படத்துடன் அறிமுகமான சென்சரவுண்ட் அமைப்பு.