மூன்றாம் சாலார் ஜங் வாங்கிய கடிகாரம்

கல்கத்தாவில் குக் அண்ட் கெல்வி என்று ஒரு கடை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு ஆங்கிலேயர்கள் கூட்டாகத் தொடங்கியது. வெள்ளிப் பாத்திரம், நகை, கடிகாரம் எல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் மகாராஜாக்களுக்கும் கட்டுப்படியாகிற விலையில். மவுண்ட் ரோட்டில் நமக்கு பி. ஆர் அண்ட் சன்ஸ் எப்படியோ, வங்காளத்தில் இது அப்படி. இத்தகைய கடைகளுக்கு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்; முகப்பில் கடையின் பெயர் ஏறும். செய்தவன் பெயர் மறைந்து விற்றவன் பெயர் நிற்பது அந்தக் கால வியாபார வழக்கம்.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரம் வந்த வழியும் இதுதான். பாகங்கள் இங்கிலாந்துச் சரக்கு, கோத்தது கல்கத்தாவில். மொத்தம் 350 பாகங்களுக்கு மேல் என்கிறார்கள்.

வாங்கியவர் மிர் யூசுப் அலி கான், மூன்றாம் சாலார் ஜங். 1912இல், இருபத்து மூன்று வயதில் நிஜாமின் திவானாக அமர்ந்து, 1914இல் பதவியை விட்டவர். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரே வேலை, பொருள் சேர்ப்பது. சீமைப் பித்து அவருக்குப் பரம்பரைச் சொத்து என்றே சொல்லலாம். தாத்தா முதலாம் சாலார் ஜங் 1876இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த பேரார் நிலத்தைத் திரும்பக் கேட்பது உள்நோக்கம். போகிற வழியில் ரோமில் முக்காடிட்ட ரெபெக்காள் சிலையை வாங்கினார். இன்று அருங்காட்சியகத்தில் எல்லோரும் தேடிப் போகும் பளிங்குச் சிலை அது. பாரிஸ் ஓட்டல் படிக்கட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அந்தக் காலோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். விருந்துகள் நடந்தன, ஆக்ஸ்போர்டு டாக்டர் பட்டம் கொடுத்தது. பேராரை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

மகன் இரண்டாம் சாலார் ஜங்கும் ஐரோப்பா போனவர். அதோடு நிற்காமல் 1887இல் லண்டனின் ‘நைன்டீன்த் செஞ்சுரி’ இதழில் தன் பயணத்தைப் பற்றி ஆங்கிலத்திலேயே எழுதினார். 1889இல் அவர் இறந்தபோது யூசுப் அலி கான் அந்த ஆண்டு பிறந்த கைக்குழந்தை. அப்பாவை அவர் அறிந்தது வீட்டில் இருந்த பொருள்களாலும் பிறர் சொன்ன கதைகளாலும்தான். அப்படி வளர்ந்த பிள்ளை கடைசிவரை பொருள்களையே சேர்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு வியப்பில்லை.

கடிகாரம் சென்று சேர்ந்த இடம் திவான் தேவ்டி, சாலார் ஜங் குடும்பத்தின் மாளிகை. ஹைதராபாதுக்கு ஆங்கிலேயக் கடிகார மோகம் புதிதில்லை. சார்மினாரின் நான்கு முகங்களிலும் 1889இல் கடிகாரம் ஏறிவிட்டது. செகந்திராபாத் மணிக்கூண்டு 1897. ஆனால் அவை தெருவில் போகிறவனுக்கும் நேரம் சொன்னவை. தேவ்டிக்குள் இருந்த கடிகாரத்தைக் கேட்க நவாபின் அழைப்பு வேண்டும்.

1949 மார்ச் 2ஆம் தேதி யூசுப் அலி கான் இறந்தார். மணமாகாதவர், நேர் வாரிசு இல்லை. அவ்வளவு பொருளையும் என்ன செய்வது என்ற கேள்வி அரசின் தலையில் விழுந்தது. ஹைதராபாதை அப்போது நிர்வகித்த வெள்ளோடி, ஜேம்ஸ் கசின்ஸை அழைத்து அடுக்கச் சொன்னார். கசின்ஸ் அயர்லாந்துக் கவிஞர், அடையாறு தியாசபிக்காரர், திருவனந்தபுரத்தில் ஓவியக் கூடம் அமைத்த அனுபவஸ்தர். 1951 டிசம்பர் 16 அன்று அதே தேவ்டியில் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். 1961இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1968இல் மூசி ஆற்றின் தென்கரையில் எழுந்த புதுக் கட்டடத்துக்குச் சேகரிப்பு இடம் மாறியது. கடிகாரத்தின் பயணமும் அங்கே முடிந்தது.

இனி அதன் வேலை. உள்ளே ஒரு கொல்லன் சம்மட்டியால் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டே இருப்பான். மணி நிறைய மூன்று நிமிடம் இருக்கும்போது தாடிக்காரர் ஒருவர் மேல் அறையிலிருந்து வெளிப்படுவார். எத்தனை மணியோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். மணியடிக்கும் கடிகாரங்களில் நேரத்தை ஓட்டும் பல்சக்கரங்கள் ஒரு வரிசை, அடிக்கும் சக்கரங்கள் இன்னொரு வரிசை. மணி நிறையும் சமயம் ஒரு நெம்பு தூக்கி இரண்டாவதை அவிழ்த்துவிடும். தாடிக்காரரின் சாமர்த்தியமெல்லாம் அந்த நெம்பின் சாமர்த்தியம்.

கலைப்பொருள் என்று பார்த்தால் ரெபெக்காள் பக்கத்தில் இதை நிறுத்த முடியாது. பணக்கார வாடிக்கையாளரை மயக்கச் செய்த கடைச்சரக்கு, அவ்வளவுதான். ஆனால் ஐரோப்பியக் கூடங்களில் நவாபு ஆசையாகச் சேர்த்த பீங்கானையும் நாற்காலிகளையும் கூட்டம் நின்று பார்ப்பதில்லை. அவர் ரசனை அங்கே அவரோடு போய்விட்டது. கடிகாரத்தின் முன்னால் கதை வேறு. தெலுங்கு, உருது, தமிழ், மராத்தி பேசுகிறவர்கள் தரையிலும் இருக்கையிலும் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். தோளில் பிள்ளைகள், உயர்த்திய கைகளில் செல்போன்கள். பக்கத்திலிருப்பவரிடம் “இன்னும் எத்தனை நிமிஷம்?” என்று எந்த மொழியில் கேட்டாலும் விரல்கள் பதில் சொல்கின்றன. வெள்ளைக்காரன் பொருளா, நவாபு பொருளா என்ற விசாரம் யாருக்கும் இல்லை. மூன்று தலைமுறை ஆங்கில மோகத்தில் பொதுஜனம் சொந்தமாக எடுத்துக்கொண்டது இந்த ஒரு பொருளைத்தான் என்பேன்.

பார்க்கப் போகிறவர்கள் பகல் பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னதாகவே இடம் பிடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு வரலாம் என்று நினைக்காதீர்கள். அப்போது ஒரே ஓர் அடிதான்.