சம்பளக் கணக்கில் சில்லறைப் பிழைகள்

மஸ்கெலியாவின் தேயிலை மலைகளில் ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கு கொழுந்து நிறுவையில் தொடங்குகிறது. நிறுத்த கிலோ, முழுப்பேர், அரைப்பேர், மேலதிகக் கிலோ, சேமலாப நிதிக் கழிவு என அது நீளும். இக்கணக்கைக் கணனித் தரவுத்தளத்திடம் ஒப்படைத்தால் தவறே நேராது என்பது பொதுவான நம்பிக்கை. எல்லோருக்கும் எல்லா மாதமும் நேரும் பிழை உடனே பிடிபட்டுவிடும். சிலருக்கு மட்டும், சில மாதங்களில் மட்டும் தலைகாட்டும் பிழையே தப்பிவிடுகிறது. அத்தகைய பிழையும் தற்செயலானதன்று. குறித்த ஒரு நிபந்தனை பொருந்தும்போதெல்லாம் அது நேரும்.

முதற் காரணம் எண்ணின் வகை. மிதவைப்புள்ளி முறையில் கணனி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்திருப்பதால் 0.1 என்பதைத் துல்லியமாகப் பதிய இயலாது. 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1க்கு மயிரிழை குறைவாகவே விடை வரும். கூட்டும் வரிசை மாறினாலும் கடைசி இலக்கம் மாறக்கூடும். நிர்ணயித்த கிலோவை எட்டினாரா என ஒப்பிடும் இடத்தில் அந்த மயிரிழையே முழுப்பேரை அரைப்பேராக்கிவிடலாம். பணத்தையும் நிறையையும் 'டெசிமல்' எனும் தசம வகையில் பதிவதே இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது வகுத்தல். அரைப்பேரை 1/2 என இரு முழு எண்களாக எழுதினால் சில தரவுத்தளங்கள் 0 என விடை தரும். மூன்றாவது வெற்றுக் கட்டம். கொடுப்பனவுக் கட்டம் நிரப்பப்படாதிருப்பின், அதனுடன் கூட்டப்படும் முழுத் தொகையும் வெறுமையாகிவிடும்.

நான்காவது முழுமையாக்கல். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு குறைந்தது 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். சம்பளம் 25,003 ரூபா எனில் பங்குகள் 2,000.24, 3,000.36. தனித்தனியே முழு ரூபாவாக்கினால் மொத்தம் 5,000. சேர்த்து 20 வீதமாகக் கணித்தால் 5,000.60, அதாவது 5,001. சம்பளம் 25,000 ஆக இருந்தால் இந்த வேறுபாடே தோன்றாது.

ஒரு ரூபாதானே என்று விடுவது தகாது. 1982இல் 1,000 புள்ளிகளுடன் தொடங்கிய வான்கூவர் பங்குச் சந்தைச் சுட்டெண், ஒவ்வொரு கணிப்பிலும் மூன்றாம் தசமத்துக்குப் பிந்தியவை வெட்டப்பட்டதால் 1983 நவம்பரளவில் சுமார் 520க்கு இறங்கியிருந்தது. உண்மைப் பெறுமதியோ 1,098க்கும் மேல்!

ஆகவே, முறைப்பாடு வந்தால் மொத்தத் தொகையை மட்டும் சரிபார்ப்பது போதாது. பிழை நேர்ந்தவரின் பதிவையும் நேராதவரின் பதிவையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு படியையும் கையால் கணித்து, விடை எங்கே பிரிகிறது என்று காண வேண்டும். பின்னர் எண்ணின் வகை, வகுத்தல், வெற்றுக் கட்டம், முழுமையாக்கும் படி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். முழுமையாக்கும் விதி எழுத்தில் இருப்பதும், கிலோவும் பேரும் கழிவும் சம்பளச் சீட்டில் தனித்தனியே தெரிவதும் அவசியம். உழைத்தவர் தாமே கூட்டிப் பார்க்கக்கூடிய கணக்கே நம்பத்தக்க கணக்கு.