சேவைவழிக் கற்றல்: பல்கலைக்கழக மாணவர்கள் நம் தோட்டத்துக்கு வரும்போது

பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் வந்து இறங்குவதும், தமிழ்ப்பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசுவதும், ஆலய மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்துவதும் ஜொகூர் மக்களுக்குப் புதிதல்ல. மாலையில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். பேருந்து கிளம்பிவிடும்.

இப்படி வருகின்றவர்களில் பலருக்கு இன்று அது வெறும் தொண்டு அல்ல. மதிப்பீடு செய்யப்படும் ஒரு பாடம். அதன் பெயர் சேவைவழிக் கற்றல். உலகின் பல கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் இதைப் பட்டப்படிப்புக்குள் வைத்திருக்கின்றன. மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் இது வேரூன்றி வருகிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது, நம் வாசலுக்கு வந்தால் நாம் என்ன கேட்கலாம் என்பதை இங்குப் பார்ப்போம்.

கோத்தோங் ரோயோங்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஒரு வேறுபாடு முக்கியமானது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்களில் மீண்டும் வெள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு மாணவர்கள் வந்து சேற்றை அள்ளினால், அது கோத்தோங் ரோயோங். நல்ல காரியம்தான்.

அதே மாணவர்கள் பொறியியல் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் வடிகால் பற்றிப் படித்துவிட்டு வருகிறார்கள். எந்த வாசற்படி வரை தண்ணீர் ஏறியது, எந்தக் கால்வாய் முதலில் அடைத்தது என்று குடியிருப்பின் மூத்தவர்களிடம் கேட்டு வரைபடம் தயாரிக்கிறார்கள். அதைக் குடியிருப்பாளர் சங்கத்திடம் ஒப்படைக்கிறார்கள். சங்கம் அதை ஊராட்சி மன்றத்துக்குக் கொண்டு போகிறது. மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பி, புத்தகத்தில் இல்லாத எதை அந்த மூத்தவர்களிடம் கற்றோம் என்று எழுதி விரிவுரையாளரிடம் கொடுக்கிறார்கள். இதுதான் சேவைவழிக் கற்றல். படிப்பு, சேவை, அதைப் பற்றிய சிந்தனை ஆகிய மூன்றும் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது.

எப்போது தொடங்கியது?

‘சேவைவழிக் கற்றல்’ என்ற சொல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1966-67இல் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகிய கல்வியாளர்களின் முயற்சியில் புழக்கத்துக்கு வந்தது. செய்து கற்பதே கல்வி என்ற ஜான் டூயியின் சிந்தனை அதற்கு அடித்தளம்.

1979இல் சிக்மன் மூன்று நெறிகளை வகுத்தார். முதலாவது, சேவை எப்படி நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதைப் பெறும் மக்களின் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தச் சேவையால் மக்கள் தம் காலில் நிற்கும் வலிமை பெற வேண்டும். மூன்றாவது, சேவை செய்பவரும் கற்பவரே. இந்த மூன்றில் முதலாவதுதான் அடிக்கடி மறக்கப்படுகிறது.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏன்?

1973 ஜூலை 31ஆம் நாள், ஸ்பெயினின் வலென்சியா நகரில் இயேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் கூடியிருந்தனர். அவர்களிடம் அச்சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே உரையாற்றினார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனி எங்கள் கல்வியின் நோக்கம் என்பது அந்த உரையின் சாரம். வசதியான குடும்பத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்து அனுப்பிய பள்ளிகளைப் பார்த்துச் சொன்னதால், கேட்டவர்களில் சிலருக்கு அது கசந்தது.

1990இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான சாசனத்தை வெளியிட்டார். மனித மாண்பு, நீதி, வறுமை போன்றவற்றை ஆராய்வதும் சமூகத்துக்குப் பணியாற்றுவதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அது கூறியது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் அருப்பேயின் வழித்தோன்றல் கோல்வன்பாக் இன்னொரு படி மேலே போனார். நீதி உணர்வு கருத்துகளால் மட்டும் பிறப்பதில்லை, துன்பப்படுவோரை நேரில் சந்திப்பதால் பிறக்கிறது என்பது அவர் வாதம்.

திருச்சியிலிருந்து மணிலா வரை

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டில் உண்டு. திருச்சி புனித வளனார் கல்லூரியை இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கினர். நம் முன்னோர் பலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அதே துறைமுக நகர் அது. 1883இல் கல்லூரி திருச்சிக்கு இடம் மாறியது. அங்கு ‘ஷெப்பர்டு’ என்ற விரிவாக்கத் துறை, மாணவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷெப்பர்டு’ என்றால் மேய்ப்பர். மக்கள் வளர்ச்சிக்கான அறிவியலும் கலையியலும் என்ற தொடரின் சுருக்கமாகவும் அது அமைந்துள்ளது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இதற்கு ‘ஸ்டாண்டு’ என்று பெயர். 1925இல் தொடங்கிய சென்னை லயோலா கல்லூரியிலும் இதற்கெனத் தனித்துறை உண்டு.

இவை மூன்றும் பல்கலைக்கழகங்கள் அல்ல, தன்னாட்சிக் கல்லூரிகள். பல்கலைக்கழகத் தகுதி பெற்ற கத்தோலிக்க நிறுவனத்துக்குப் பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகம் ஓர் எடுத்துக்காட்டு. 1969இல் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அதில், சமூகச் செயல்பாட்டுக்கான மையம் 1999 முதல் இயங்குகிறது. இந்திய அரசின் நாட்டு நலப்பணித் திட்டமும் நினைவுகூரத்தக்கது. காந்தியின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களின் 40,000 மாணவர்களோடு அது தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை என்பது அதன் கணக்கு.

நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸில் இது சட்டமாகவே இருக்கிறது. 9163ஆம் எண் குடியரசுச் சட்டப்படி, இராணுவப் பயிற்சி, எழுத்தறிவுப் பணி, சமூகநலப் பணி ஆகிய மூன்றில் ஒன்றைப் பட்டப்படிப்பு மாணவர் இரண்டு பருவம் முடித்தாக வேண்டும். மணிலாவின் டி லா சால் பல்கலைக்கழகம் 1911இல் லசால் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. பினாங்கு செயின்ட் சேவியர், கோலாலம்பூர் செயின்ட் ஜான் பள்ளிகளை நடத்திய அதே சபையினர்தாம் அவர்கள்.

மதமாற்றம் நடக்குமோ என்ற ஐயம் சிலருக்கு எழலாம். இந்த நிறுவனங்களில் பல சமயத்தவர் படிக்கிறார்கள்; இது மறைக்கல்வி வகுப்பு அல்ல. ஐயம் இருந்தால் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவுபெறும் உரிமை மக்களுக்கு உண்டு.

உள்ளிருந்து எழுந்த கண்டனம்

இந்த முயற்சிகளைக் கடுமையாகச் சாடியவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே. 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் ஏழைக் கிராமங்களுக்கு உதவச் செல்லும் அமெரிக்க மாணவர்கள் முன் இவான் இல்லிச் பேசினார். மக்களின் மொழியும் வாழ்க்கையும் தெரியாமல் வந்து உதவுவதாக நினைப்பது ஆணவம். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் அவர் பேச்சு அமைந்தது.

அந்தக் கண்டனம் இன்றும் பழசாகவில்லை. சாயம் தேவைப்படாத பள்ளிக்குச் சாயமும், கணிதத்தில் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு விளையாட்டும் கிடைத்தால், மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். தோட்டத்துக்கு என்ன கிடைக்கும்? செம்பனைத் தோட்ட வாழ்க்கை ஒரு சோகப் படமாக மட்டும் அறிக்கையில் ஏறினால், அங்கே உழைத்துப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய பெற்றோர் அதில் இருக்கமாட்டார்கள்.

ஜொகூரில் நாம் என்ன செய்யலாம்?

மலேசியாவில் 2019இல் ‘சுலாம்’ என்ற பெயரில் சேவைவழிக் கற்றல் திட்டத்தைக் கல்வி அமைச்சு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்காக அறிமுகம் செய்தது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் இருக்கும் மாநிலம் நம்முடையது. ஆகவே தமிழ்ப்பள்ளிகளும் ஆலயங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. நாமே தேவையை எழுதி, துறைக்கு அனுப்பி அழைக்கலாம்.

மாணவர்கள் வரும் முன் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலய நிர்வாகமோ கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. இந்தப் பணியை யார் தேர்ந்தெடுத்தது? எங்களிடம் கேட்டீர்களா?

2. இது எந்தப் பாடத்தின் பகுதி? பொறுப்பான விரிவுரையாளர் யார்?

3. எத்தனை முறை வருவீர்கள்? அடுத்த ஆண்டு மாணவர்கள் இதைத் தொடர்வார்களா?

4. வருகின்றவர்களில் தமிழ் பேசுவோர் உண்டா? இல்லையென்றால் எங்கள் பாட்டிமாரிடம் எப்படிப் பேசுவீர்கள்?

5. பிள்ளைகளின் படங்களை எங்கே வெளியிடுவீர்கள்? பெற்றோரின் அனுமதி பெற்றீர்களா?

6. நீங்கள் எழுதும் அறிக்கையின் பிரதி எங்களுக்குக் கிடைக்குமா? மதிப்பீட்டில் எங்கள் கருத்துக்கு இடம் உண்டா?

கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். அந்த அறிக்கை கையில் இருந்தால்தான் அடுத்த மானிய விண்ணப்பத்துக்கோ, சட்டமன்ற உறுப்பினரிடம் வைக்கும் கோரிக்கைக்கோ அது ஆதாரமாகும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை, “பாடத்துக்காகக் கம்பத்துக்குப் போகிறேன்” என்று சொன்னால், படிப்பு கெடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அதுவும் பாடம்தான். முடிந்தால், தான் வளர்ந்த தோட்டத்தையே களமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு மொழி தெரியும், எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பதும் தெரியும். உடன் வரும் மற்ற இன நண்பர்களுக்கு, நம் மக்களை அறிமுகப்படுத்த அதைவிடச் சரியான ஆள் கிடைக்கமாட்டார்.

கற்றுக்கொள்ள வருகின்றவர் மாணவர் என்றால், அங்கே கற்றுக்கொடுப்பவர் தோட்டத்து மக்கள். அடுத்த முறை பேருந்து வந்து நிற்கும்போது, அந்த இடத்திலிருந்தே அவர்களை வரவேற்போம்.